கடல் கடக்குமுன் பிள்ளையின் வயதைக் கேளுங்கள்

“ஆங்கில ஆசிரியர்கள் தேவை. நல்ல சம்பளம். தங்குமிடம் உண்டு.” இத்தகைய விளம்பரங்கள் இன்று கைப்பேசியைத் திறந்தாலே கண்ணில் படுகின்றன. ஜப்பான், கொரியா, சீனா, தாய்லாந்து, வியட்னாம் என்று நாடுகளின் பட்டியல் நீளுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இப்பொழுது பட்டம் பெற்றிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். ஆகவே, “நாமும் போய்ப் பார்த்தால் என்ன?” என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவதில் வியப்பில்லை.

தனியாளாக இருப்பவர் போவது ஒன்று. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று குடும்பமாகப் போவது முற்றிலும் வேறு. தோட்டப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வரும் என்னிடம் இதுபற்றி யோசனை கேட்டு வருகிறவர்களில் அநேகமாக எல்லாரும் முதலில் சொல்வது சம்பளத்தைத்தான். நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: “உங்கள் பிள்ளைக்கு என்ன வயது? திரும்பி வரும்போது என்ன வயதாக இருக்கும்?” இந்த இரண்டு எண்களும் சம்பள எண்ணைவிடப் பெரியவை என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நமக்குப் புதிய வழக்கமன்று

ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் கடல் கடந்த குடும்பங்கள் நம் வரலாற்றிலேயே உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஆசிரியர்கள் பலர் பணியாற்றினார்கள். அப்போதும் பிள்ளைகளின் படிப்பே பெரும் கேள்வியாக இருந்தது. தந்தை இங்கே வேலை பார்க்க, பிள்ளைகளைப் படிப்பதற்காக யாழ்ப்பாணத்துப் பாட்டன் பாட்டியிடம் அனுப்பிவைத்த வீடுகள் எத்தனையோ. 1950களில் இங்கிருந்து இளைஞர்கள் ஆசிரியப் பயிற்சிக்காக லிவர்பூலுக்கு அருகிலுள்ள கர்பி கல்லூரிக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் பெரும்பாலும் மணமாகாதவர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், சான்றிதழோடு திரும்பினார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த எளிமை கிடையாது.

யாருக்குக் கதவு திறக்கும்?

முதலில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நமக்கு ஆங்கிலம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் எல்லா நாடுகளும் நம்மை ஏற்பதில்லை. கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான பொது விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கென வகுக்கப்பட்டது. நம் கடப்பிதழ் அந்தப் பட்டியலில் இல்லை. சீனாவிலும் ஆங்கில ஆசிரியர் என்றால் இதே நாட்டவர்களுக்குத்தான் முதலிடம். அதோடு 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் நிலையங்களை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. அவற்றை நம்பிக் குடும்பத்தோடு போயிருந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள்.

ஜப்பானின் நிலை சற்று வேறு. அங்கே பள்ளியில் அயல்மொழி கற்பிக்க வருகிறவர், அந்த மொழியின் வழியாகக் குறைந்தது 12 ஆண்டுகள் கல்வி கற்றிருக்க வேண்டும் என்பது குடிநுழைவு விதி. இங்கேதான் ஜொகூர் பாலத்தின் இரு கரைகளும் பிரிகின்றன. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி. ஆகவே அங்குப் படித்தவர்கள் இந்த விதியைக் கடந்துவிடுகிறார்கள். மலேசியாவில் 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த நம் பிள்ளைக்கு, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கியிருந்தாலும், அந்த 12 ஆண்டு கணக்கு நிறைவேறுவது கடினம். இது திறமைக் குறைவன்று. சட்டத்தின் அளவுகோல் அப்படி.

மலேசியர்களுக்குப் பக்கத்திலிருக்கும் தாய்லாந்தும் வியட்னாமும் ஓரளவு திறந்திருக்கின்றன. அங்கும் பட்டம், ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்று, கற்பித்தல் பயிற்சிச் சான்றிதழ், குற்றப்பதிவு இல்லை என்ற காவல்துறைக் கடிதம், மருத்துவப் பரிசோதனை என்று பல தாள்களைக் கேட்பார்கள். என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே, பட்டமில்லை. ஆகவே இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை எனக்கே மூடியவைதாம். என்னைப்போன்ற ஆசிரியர்கள் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுமுன் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. “முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், வேலை விசாவை இங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலை என்று சொல்லிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் வரவழைத்து, அங்கே மோசடிக் கும்பல்களிடம் சிக்கவைக்கப்பட்ட மலேசியர்களை மீட்டுவந்த செய்திகளை 2022 முதல் நாம் படித்து வருகிறோம். ஒழுங்கான பள்ளி எதுவும் ஏஜென்டுக்கு முன்பணம் கட்டச் சொல்வதில்லை. கையில் வேலை விசாவும், பிள்ளைகளுக்குச் சார்ந்தோர் விசாவும் வந்த பிறகே விமானச் சீட்டு வாங்குவது உத்தமம்.

சம்பளத்தின் உட்கணக்கு

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஜப்பானின் ஜெட் திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1987-இல் 4 நாடுகளைச் சேர்ந்த 848 பேரோடு தொடங்கிய அரசுத் திட்டம் அது. சிங்கப்பூரர்களும் அதில் ஆங்கில உதவி ஆசிரியர்களாகப் போகிறார்கள். பட்டம் வேண்டும். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான்; ஆண்டுதோறும் புதுப்பித்து, அதிகமாக 5 ஆண்டுகள் இருக்கலாம். 2025 ஏப்ரல் முதல் முதலாண்டுச் சம்பளம் 4,020,000 யென். அதாவது மாதம் 335,000 யென். இதிலிருந்து வரி, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியச் சந்தா ஆகியவை கழியும்.

விமானச் செலவு ஆசிரியருக்கு மட்டுமே கொடுக்கப்படும். மனைவி மக்களுக்கு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்பதும் நம் கையில் இல்லை. விருப்பத்தைச் சொல்லலாம்; கிடைப்பது வயல்சூழ்ந்த ஒரு சிற்றூராகவும் இருக்கலாம். வீட்டு வாடகைக்கு முன்பணத்தோடு, வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத ‘நன்றிப் பணம்’ கேட்கும் வழக்கமும் அங்கே பல இடங்களில் உண்டு. முதல் மாதச் சம்பளம் வருமுன்னரே கையிருப்புக் கரைந்துவிடும்.

ஆறுதலான செய்திகளும் உண்டு. மருத்துவக் காப்புறுதி குடும்பத்துக்கும் சேரும். பிள்ளைகளின் மருத்துவச் செலவில் பெரும்பகுதியை ஊராட்சியே ஏற்கும் ஊர்கள் நிறைய. முறையாகக் குடியிருக்கும் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கும் அரசின் பிள்ளை உதவித்தொகை கிடைக்கும். 2024 அக்டோபரில் அது விரிவாக்கப்பட்ட பிறகு, 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாதம் 15,000 யென்னும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பள்ளிப் பருவம் முடியும்வரை 10,000 யென்னும், மூன்றாம் பிள்ளை முதல் 30,000 யென்னும் தருகிறார்கள். சார்ந்தோர் விசாவில் இருக்கும் துணைவர், தனி அனுமதி பெற்று வாரத்திற்கு 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம். நாடு திரும்பிய பிறகு, 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால், கட்டிய ஓய்வூதியச் சந்தாவில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறவும் வழியுண்டு.

இந்தக் கணக்கெல்லாம் சரிதான். ஆனால் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும்? தோக்கியோவின் பெரிய அனைத்துலகப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2 மில்லியன் யென்னுக்கும் மேல் கட்டணம். ஆசிரியரின் சம்பளத்தில் பாதி! தோக்கியோவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் இருக்கின்றன. சிற்றூரில் அவையும் கிடையா. ஆகவே ஆங்கில ஆசிரியரின் பிள்ளை பெரும்பாலும் ஊர்ப் பொதுப்பள்ளியில்தான், ஜப்பானிய மொழியில்தான், படிக்கவேண்டியிருக்கும்.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள்

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் படித்த ஒரு மாணவி, பிறகு சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டாள். கணவர் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்த ஆசிரியர். 2022 ஆகஸ்டில் அவருக்கு மேற்கு ஜப்பானில் ஒரு சிற்றூரில் வேலை கிடைத்தது. மகளுக்கு அப்போது 11 வயது, மகனுக்கு 7. அங்கிருந்த நாள்களில் அவள் எனக்கு அடிக்கடி எழுதினாள். அவளிடம் அனுமதி பெற்றே இங்கே சிலவற்றைச் சொல்கிறேன்.

பள்ளியில் இடம் கிடைப்பதில் சிக்கல் இருக்கவில்லை. ஜப்பானில் கட்டாயக் கல்விச் சட்டம் வெளிநாட்டுப் பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஊர்க் கல்வி வாரியத்தில் கேட்டால், கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள், பாடநூல்களும் இலவசம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். 2019-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், ஏறத்தாழ 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்ப்பார்கள். மகன் முதல் வகுப்பு; மகள் ஐந்தாம் வகுப்பு. அக்கம்பக்கத்தார் பயன்படுத்திய, தோலால் செய்த ‘ராந்தோசெரு’ முதுகுப்பை ஒன்றைக் கொண்டுவந்து மகனுக்குக் கொடுத்தார்களாம். புதிதாக வாங்கினால் பல பத்தாயிரம் யென் ஆகும் பை அது. காலையில் தெருப் பிள்ளைகள் வரிசையாகச் சேர்ந்து நடந்தே பள்ளிக்குப் போவார்கள். உள்ளே போனதும் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிக்குள் அணியும் காலணியை மாட்டிக்கொள்ள வேண்டும். மதிய உணவைப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். வகுப்பறையையும் நடைபாதையையும் பிள்ளைகளே கூட்டித் துடைப்பார்கள். ஒரு ஆசிரியை என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு மெத்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

மூன்றே மாதத்தில் மகன் தெருவில் ஜப்பானியச் சிறுவர்களோடு சண்டை போடும் அளவுக்குப் பேசப் பழகிவிட்டான். சண்டை போடவும் சமாதானம் ஆகவும் ஒரு மொழி வந்துவிட்டதென்றால், பிள்ளை அங்கே காலூன்றிவிட்டது என்று பொருள்.

மகளின் கதை வேறு. சிங்கப்பூரில் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வந்தவள் அவள். அங்கே போய் வாய் திறக்கவில்லை. “டீச்சர், வீட்டுக்கு வந்தால் பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால், ‘எனக்கு அங்கே மூளை இல்லைன்னு நினைக்கிறாங்கம்மா’ என்கிறாள்” என்று தாய் எழுதிய வரியைப் படித்து, அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

எழுத்துகளின் கடன்

ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே பெற்றோர். பிறகு ஏன் இந்த வேறுபாடு? பையன் கெட்டிக்காரன், பெண் மந்தம் என்பதா? இல்லவே இல்லை. காரணத்தை எண்களிலேயே காட்டலாம்.

ஜப்பானியத் தொடக்கப்பள்ளியில் ஆறாண்டுகளில் 1,026 சீன வடிவ எழுத்துகளைக் கற்பிக்கிறார்கள். முதலாண்டில் 80, இரண்டாமாண்டில் 160, மூன்றாமாண்டில் 200, நான்காமாண்டில் 202, ஐந்தாமாண்டில் 193, ஆறாமாண்டில் 191. இவையன்றி 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட இரண்டு வகை எழுத்து வரிசைகள் தனி. முதல் வகுப்பில் சேர்ந்த தம்பியின் முன்னால் இருந்தவை 80 எழுத்துகள். அவற்றையும் வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகள் அவனோடு சேர்ந்தே கற்றார்கள். ஐந்தாம் வகுப்பில் நுழைந்த அக்காளின் பின்னால், மற்றவர்கள் ஏற்கெனவே கற்று முடித்த 642 எழுத்துகள் கடனாக நின்றன. வரலாறும் அறிவியலும் அந்த எழுத்துகளில்தான் அச்சாகியிருந்தன. கணக்குப் பாடத்தில்கூட எண் புரியும்; வினா புரியாது.

பெருநகரங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தரத் தனி ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் உண்டு. அந்தச் சிற்றூரில் வாரத்திற்கு இரண்டு மணி நேரம்தான் ஒருவர் வந்து போனார்.

நல்ல வேளையாக, பேச்சு மொழியில் தமிழ் கைகொடுத்தது. “நான் பள்ளிக்குப் போகிறேன்” என்பதை ஜப்பானியர்கள் “வாதாஷி வா காக்கோ னி இகிமாஸ்” என்கிறார்கள். நான், பள்ளி, கு, போகிறேன்! வினைச்சொல் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. பேராசிரியர் சுசுமு ஓனோ ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று நெடுங்காலம் எழுதி வந்தார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொற்கள் நிற்கும் வரிசை ஒத்திருப்பதை யாரும் மறுக்க முடியாது. தாய் இதைக் கண்டுகொண்டு, ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் தமிழின் வழியாக மகளுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஏழெட்டு மாதங்களில் பெண் வாய் திறந்தாள். வகுப்பறையைத் துடைக்கும் நேரத்தில், கையில் துணியோடு முழங்காலிட்டிருந்தபோதுதான் அவளுக்கு முதல் தோழி கிடைத்தாளாம். பேச்சு வந்தது; படிப்பு மட்டும் வயதுக்கு ஈடாக வரவில்லை.

சாப்பாடும் சாமியும்

நம்மவர்கள் மறக்கும் இன்னொரு பொருள் உணவு. ஜப்பானியப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உணவுதான். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி அடிக்கடி வரும். காய்கறிச் சாறு என்று நினைப்பதில்கூட மீன் கொதிநீர் கலந்திருக்கும். மாதத்தின் உணவுப் பட்டியலை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்து, ஒதுக்கவேண்டிய நாள்களில் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொடுத்தனுப்பலாமா என்று சேரும் நாளிலேயே ஆசிரியரிடம் பேசிவிடுவது நல்லது. இந்தத் தாய் அப்படித்தான் செய்தாள். கோயிலில்லாத ஊரில், தைப்பொங்கலை அடுக்குமாடி வீட்டின் மின் அடுப்பில் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தபோது, பதிலுக்கு அரிசி மாவு இனிப்பு வந்ததாம்.

தமிழ் என்னாயிற்று?

வெளியே ஜப்பானிய மொழி, தந்தையின் வேலை ஆங்கிலம், வீட்டில் தமிழ். மூன்றில் எது முதலில் நழுவும்? தேர்வு இல்லாத மொழிதான் முதலில் நழுவும். இது தோட்டத்திலும் உண்மை, தோக்கியோவிலும் உண்மை.

என் மாணவி புறப்படுமுன் என்னிடம் ஒன்றைக் கேட்டாள். நான் அவளுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரையுள்ள தமிழ்மொழிப் பாடநூல்களைத் தேடிக் கொடுத்தேன். அதோடு ஒரே ஒரு விதி சொன்னேன்: ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம், அதற்குக் குறையவும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பக்கம் வாசிப்பது அந்த வீட்டில் பல் துலக்குவது போன்ற பழக்கமாயிற்று. வாரத்திற்கு ஒருமுறை தோட்டத்திலிருக்கும் பாட்டிக்குச் சிறுவன் அஞ்சலட்டை எழுதவேண்டும். பால்மரக் காட்டில் உழைத்து ஓய்ந்த அந்த அம்மையார், பேரனின் அட்டைகளைச் சாமி படத்தின் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் நாலு வரி. பிறகு எட்டு வரி. இரண்டாமாண்டில் சில சொற்கள் ஜப்பானியச் சொற்களாக நுழைந்துவிட்டன. “பரவாயில்லை, எழுதுவது நிற்காமலிருந்தால் போதும்” என்றேன். கைப்பேசிப் பேச்சு காதைக் காக்கும். எழுத்தைக் காப்பது அஞ்சலட்டைதான்.

திரும்பி வரும் நாள்

ஐந்தாண்டு இருக்கலாம் என்று போனவர்கள் இரண்டாண்டில் முடித்துக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் மகள் ஆறாம் வகுப்பை முடித்ததும் தாயும் பிள்ளைகளும் சிங்கப்பூர் திரும்பினார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்ததும் தந்தை வந்து சேர்ந்தார். மகள் இப்போது வயதொத்த தோழிகளைவிட ஓராண்டு கீழே படிக்கிறாள். கவலை குறைந்து, பழைய சிரிப்பு திரும்பியிருக்கிறது. மகனோ விமான நிலையத்தில் அழுதவன், பல மாதங்கள் “எப்பம்மா நம்ம ஊருக்குப் போறோம்?” என்று ஜப்பானை நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் ஊரைப் பிடுங்கவேண்டியதாயிற்று என்று அவர்கள் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வருவதற்கும் விதிகள் உண்டு. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை பெற்றோரோடு வெளிநாடு போகும்போது, பள்ளியிலிருந்து முறையான நீண்ட விடுப்பு எழுதிவாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போனால் திரும்பும்போது சிரமம். இடைநிலை வகுப்பில் சேர, திரும்பி வரும் பிள்ளைகளுக்கெனத் தனித் தேர்வு இருக்கிறது. ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தேசிய சேவையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 13 வயதான பிறகு நீண்ட காலம் வெளிநாட்டில் இருக்க வேண்டுமானால், வெளியேறும் அனுமதி பெறவேண்டும்.

மலேசியாவில் ஆறாமாண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்டது. அதனால் தொடக்கப்பள்ளி வயதில் போய் வருவது எளிதாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் காத்திருக்கிறது. அதில் மலாய்மொழியில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறியாக வேண்டும். 9 வயதில் நாட்டைவிட்டுப் போய் 14 வயதில் திரும்பும் பிள்ளை, மூன்றே ஆண்டுகளில் இந்த இரண்டையும் ஈடுகட்ட வேண்டும். ஆகவே மலேசியப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பக்கத்தோடு மலாய்ப் பக்கமும் நாள்தோறும் தேவை. அரசாங்க ஆசிரியர்கள் சம்பளமில்லா விடுப்புக்கான விதிகளைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம். வேலையை விட்டுப் போகிறவர்கள், சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு அந்த ஆண்டுகளில் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

என் யோசனை

வகுப்பறையில் கண்டதையும் மேற்சொன்ன குடும்பத்தின் வழியாகக் கேட்டதையும் வைத்து, பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

பிள்ளைக்கு 8 வயது நிரம்பவில்லை என்றால், ஊர்ப் பள்ளியை நம்பித் துணிந்து போகலாம். எழுத்தைத் தொடக்கத்திலிருந்தே மற்றவர்களோடு சேர்ந்து கற்கும். வேறொரு மக்களின் ஒழுங்கையும் உழைப்பையும் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வரும்.

8 முதல் 10 வயதுவரை என்றால், போகும் ஊரில் புதிதாக வரும் பிள்ளைக்கு மொழி சொல்லித்தர ஆள் இருக்கிறதா, வாரத்திற்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு, பதிலைக் கடிதமாகப் பெறுங்கள். புறப்படுமுன் ஆறு மாதமாவது அந்த நாட்டு எழுத்தை வீட்டில் பழக்குங்கள். ஜப்பானுக்கு மட்டுமல்ல, தாய்லாந்துக்கும் இது பொருந்தும். அங்கும் ஊர்ப் பள்ளி தாய் மொழியில்தான் நடக்கிறது.

11 முதல் 15 வயதுவரை என்றால், ஆங்கில வழிப் பள்ளியில் கட்டணச் சலுகையுடன் ஓர் இடத்தை ஒப்பந்தத்திலேயே எழுதித்தரும் வேலையாகப் பாருங்கள். அனைத்துலகப் பள்ளிகள் சில, தங்கள் ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு அப்படி இடம் தருவதுண்டு. கிடைக்காவிட்டால், ஒத்திப்போடுவது அல்லது பெற்றோரில் ஒருவர் மட்டும் ஓராண்டு போய் வருவது பற்றி வீட்டில் பேசுங்கள். அப்படிப் பேசும்போது பிள்ளையையும் உட்கார வையுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தன் பள்ளியைப் பற்றிச் சொல்ல ஒரு கருத்து நிச்சயம் இருக்கும்.

அன்பான பெற்றோர்களே, ஊரார் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்துக் கொடுப்பது நல்ல தொழில். அதைச் செய்யும் வேளையில், நம் பிள்ளை வேற்று வகுப்பறையில் வாயடைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே, போகும் வயதையும் திரும்பும் வயதையும் எழுதுங்கள். அந்த ஆண்டுகளில் இங்கே என்ன வகுப்பு, என்ன தேர்வு என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். சம்பளத்தை அதற்குக் கீழே எழுதுங்கள். பிறகு குடும்பமாக உட்கார்ந்து அந்தத் தாளைப் பாருங்கள், முடிவெடுப்பது எளிதாகும்.